தனியாக வசிக்கிறார்

நோயாளி 44 வயது ஆண். திருமணமாகாதவர். கோயம்புத்தூரில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை, இரவு ஷிஃப்ட், வீட்டிலிருந்தே. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இல்லை. புகை, மது இல்லை.

அந்த நோயாளி நான்தான்.

2003-லிருந்து இதே தொழில். அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, நோயாளிக் குறிப்புகளாக அடித்துக் கொடுப்போம். முன்பு முழுக்க நாங்களே அடித்தோம். இப்போது மென்பொருள் அடித்துவிடுகிறது, நாங்கள் பிழை திருத்துகிறோம். கூலி வரிக்கணக்கில், இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. ஒவ்வொரு குறிப்பிலும் ‘சமூக வரலாறு’ என்று ஒரு பகுதி வரும். புகைப்பாரா, குடிப்பாரா, யாரோடு இருக்கிறார் என்பதோடு அது முடிந்துவிடும். ‘லிவ்ஸ் அலோன்.’ ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளியோடு 12 எழுத்து. ஐந்தில் ஒரு வரிக்குக்கூடக் கூலி தேறாது. இதை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ தெரியாது. இது என்னைப் பற்றிய தகவலும்தான் என்று ஒருநாளும் உறைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த எழுத்து வடிவம் இந்த ஒன்றுதான். அதனால் என் கதையையும் இதிலேயே எழுதுகிறேன். மற்றவர்களின் அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வந்த காரணம்

வயிறு. 2023 ஏப்ரல் வாக்கில் நெஞ்சுக்குக் கீழே ஓர் எரிச்சல் தொடங்கியது. பசி இல்லை, ஷிஃப்ட் முடிந்து படுத்தால் தூக்கம் இல்லை. 5 மாதத்தில் 7 கிலோ இறங்கியது. முதலில் பார்த்த டாக்டர் கேஸ் டிரபிள் என்று பான்டோபிரசோல் எழுதினார். இரண்டாமவர் எண்டோஸ்கோபி செய்தார், ஒன்றுமில்லை. மூன்றாமவர் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, “ரிப்போர்ட் அருமையா இருக்கு. ஒரு கல்யாணத்தைப் பண்ணுங்க, எல்லாம் சரியாயிரும்” என்றார். ரிப்போர்ட் அருமையாக இருக்கிறது என்று கேட்டு வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தேன். சாவியைத் திருகவே ஒரு கால் மணி நேரம் ஆனது.

அந்த மூவர்மேலும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நான் சொன்னது வயிறு, அவர்கள் பார்த்ததும் வயிறு. மனசு சரியில்லை என்று நான் சொல்லவே இல்லையே. சொல்லக்கூடாது என்று மறைக்கவும் இல்லை, எனக்கே அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் தலைபாரமாகவும் உடம்பு அசதியாகவும் படபடப்பாகவும்தான் டாக்டரிடம் போகிறது. அழுதுகொண்டு யாரும் ஓ.பி. சீட்டு வாங்குவதில்லை.

நான்காவதாகப் போனது வீட்டுக்குப் பக்கத்திலிருந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். மாத்திரை இலவசம் என்பதுதான் காரணம். 25, 26 வயது இருக்கும் அந்த டாக்டர் அம்மாவுக்கு. வயிற்றை அமுக்கிப் பார்த்தபடியே, “வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?” என்றார்.

“நான் மட்டுந்தாங்க.”

“எப்போலருந்து?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தார்.

நோய் வரலாறு

அம்மாவுக்கு 2019-இல் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். மூன்றரை வருடம் ஓடியது. குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும். தாகம் தாங்காமல் கேட்கும்போது ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வேன். கீரையையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும், பொட்டாசியம் ஏறாமலிருக்க. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்த இடது கையில் யாரும் ரத்த அழுத்தம் பார்த்துவிடாமல் காவல் நிற்க வேண்டும். காலை 8 மணிக்கு ஒரு மாத்திரை, சாப்பாட்டோடு ஒன்று, இரவு இரண்டு. நான் ராத்திரி வேலை பார்த்து, பகலில் அம்மாவைப் பார்த்து, நடுவில் தூங்கினேன். கஷ்டம்தான். ஆனால் அந்த மூன்றரை வருடத்தில் எனக்கு வயிறு எரிந்ததே இல்லை.

2022 ஐப்பசியில் அம்மா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்தவர்கள் எல்லாரும் கிளம்பினார்கள். திருப்பூரில் இருக்கும் அக்கா மட்டும் இரண்டு நாள் கூடுதலாக இருந்து, சாமான்களை ஒழுங்கு செய்து, மிச்சமிருந்த மாத்திரைகளை ஒரு கவரில் போட்டு மருந்துக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை 8 மணிக்கு ஃபோனில் அலாரம் அடித்தது. அம்மா மாத்திரைக்கு வைத்தது. அதை நான் நிறுத்தவில்லை. பத்து மாதம் தினமும் அடித்தது, தினமும் கை நீட்டி அணைத்தேன்.

அந்தப் பத்து மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. குறிப்பெழுதச் சிரமமான பகுதி இதுதான். முதலில் சமையல் நின்றது, அப்புறம் பாத்திரம் கழுவுவது. ஒரே தட்டைக் கழுவிக் கழுவிச் சாப்பிட்டேன், பிறகு பார்சல் வந்த இலையிலேயே சாப்பிட்டேன். பால் பாக்கெட்டை நிறுத்தினேன். தண்ணீர் வரும் நாளன்று கீழ் வீட்டு அக்கா மோட்டார் போட்டு என் தொட்டியையும் நிரப்பிவிடுவார். அதற்காக மாடியிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதுகூடப் பாரமாக இருந்ததால், அவர் படியேறும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்தேன். வேலை மட்டும் நடந்தது. ஹெட்ஃபோனை மாட்டினால் யாரோ ஒரு டாக்டர் யாருடைய முழங்காலைப் பற்றியோ பேசுவார், விரல் தானாக ஓடும். பிழை விகிதம் ஏறவில்லை, அதனால் அலுவலகத்துக்கும் ஒன்றும் தெரியவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கத்துக்குக் கட்டைவிரல் போட்டுவிடுவேன். அக்கா ஃபோன் செய்தால், “சாப்பிட்டியா?” “ம்.” “உடம்பு?” “ம்.” முப்பது விநாடியில் முடியும். நான் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சிகள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

பரிசோதனை

டாக்டர் எடுத்த தாள் பி.எச்.க்யூ-9, மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். 2001-இல் வந்தது, ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். வேலையில் நான் நூற்றுக்கணக்கில் பார்த்த தாள் இது. தமிழில் அதைப் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

எதிலும் ஆர்வமில்லை, 3. மனம் சோர்ந்து துக்கமாக இருப்பது, 1. தூக்கம் 3, அசதி 3, பசி 2. தன்னைத் தோற்றுப்போனவனாக நினைப்பது 2. கவனம் 1, மந்தம் 1. ஒன்பதாவது கேள்விக்கு 1. கூட்டினால் 17.

அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். துக்கம், வெறும் 1. பொய் சொல்லவில்லை, எனக்குத் துக்கமாக இல்லை. எனக்கு எதுவாகவும் இல்லை. மனச்சோர்வு என்று முடிவு செய்யத் துக்கம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. துக்கம், ஆர்வமின்மை இரண்டில் ஏதோ ஒன்று இருந்து, மற்ற அறிகுறிகளும் சேர்ந்தால் போதும். சினிமாவில் ஜன்னலோரம் மழையைப் பார்த்து அழுபவரை வைத்தே நாம் இதைப் புரிந்து வைத்திருப்பதால், அழாத என்னை நானே தவறவிட்டேன். அம்மா இறந்த துக்கம்தானே இது என்றும் அந்த டாக்டரிடம் கேட்டேன். துக்கம் அலையலையாக வரும், நடுவில் அம்மாவின் ஏதோ ஒரு பேச்சு ஞாபகம் வந்து சிரிக்கவும் முடியும், உங்களுக்கு அப்படி வருகிறதா என்றார். வரவில்லை. அம்மாவின் முகம்கூட அந்த நாட்களில் சரியாக ஞாபகம் வரவில்லை.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 1 போட்டதும் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நேராகவே கேட்டார், என்ன நினைப்பு வரும் என்று. இப்படி வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி விதைப்பதில்லை என்று ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. என் அனுபவமும் அதுதான். கேட்டது ஆசுவாசமாக இருந்தது. சாகத் திட்டம் எதுவும் இல்லை என்று சொன்னேன். ஒரு கணக்கு மட்டும் அடிக்கடி ஓடும் என்றேன். நான் செத்துப்போனால் எத்தனை நாளில் தெரியும்? அலுவலகத்தில் இரண்டு நாள் மெயில் அனுப்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் 5-ஆம் தேதி வாடகைக்கு வருவார். பால்காரர் இல்லை. ஆக, 5-ஆம் தேதி கழிந்ததும் செத்தால் நிறைய நாள் ஆகும். ஜப்பானில் இப்படித் தனியே இறந்து நாள்கடந்து கண்டெடுக்கப்படுவதற்குக் கொடொகுஷி என்று ஒரு சொல்லே இருக்கிறது.

டாக்டர் எழுதிக்கொண்டார். என் தொழிலில் இந்த இடத்தில் ‘தற்கொலை எண்ணத்தை நோயாளி மறுக்கிறார்’ என்று ஒரு வாக்கியம் வரும். ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவர்போல மறுக்கிறார். அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க ஆசை, பார்க்கவில்லை. 14416 என்ற எண்ணைச் சீட்டின் மூலையில் எழுதிக் கொடுத்தார். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எப்போதும் தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது. அப்போதைக்குச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

சிகிச்சை

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை, முதலில் 5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 10. இந்த மாத்திரை பற்றி இரண்டு விஷயங்களை யாராவது முன்பே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பக்கவிளைவு முதல் நாளே வரலாம். பலன் வர இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். எனக்கு முதல் வாரம் குமட்டல், வாய் வறட்சி, விநோதமான கனவுகள். ஒன்பதாம் நாள் நிறுத்திவிடலாம் என்று அட்டையைத் தூக்கிப் போட்டேன். அன்று ராத்திரிதான் 14416-க்குப் பேசினேன். எடுத்தவர் பெரிதாக அறிவுரை எதுவும் சொல்லவில்லை. குமட்டல் என்றால் சாப்பிட்டபின் போட்டுப் பாருங்கள், இன்னும் பத்து நாள் பொறுங்கள் என்றார். அட்டையைத் தேடி எடுத்தேன். ஆண்களுக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம் என்பதையும் நம் டாக்டர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, எனக்குக் குறைந்தது. தனி ஆள்தானே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அதுவும் ஓர் இழப்புதான்.

அங்கிருந்த உளவியலாளர் ஆறு முறை பார்த்தார். ஆழ்மனம், பால்யம் என்று தோண்டுவார் என எதிர்பார்த்துப் போனேன். அவர் கேட்டது, “நேத்து பாத்திரம் கழுவுனீங்களா?” மனசு சரியானால் கழுவுவேன் என்றேன். கழுவிவிட்டு மனசைப் பார்ப்போம் என்றார். இப்படிச் செயலிலிருந்து தொடங்கும் சிகிச்சை முறை கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் சோதிக்கப்பட்டு 2017-இல் முடிவு வெளியானது. பேசியவர்கள் உளவியல் படித்தவர்களே அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வு. மூன்று மாதத்தில் நோய்நிலையிலிருந்து வெளியே வந்தவர்கள் 64 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. எனக்குத் தந்த முதல் வேலை ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாத்திரம். சிரிப்பாக இருந்தது. ஆனால் டம்ளர் ஒன்றைக் கழுவியபின் பக்கத்திலிருந்த கரண்டியையும் கழுவாமல் வருவது கடினம்.

2024 ஜனவரியில் என் மதிப்பெண் 6. சமைத்தேன், சவரம் செய்தேன், எடை 4 கிலோ ஏறியது. அப்புறம் எல்லாரும் செய்யும் தப்பைச் செய்தேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஐந்தாம் மாதம் நானாகவே மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினேன். தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோல் இரண்டு வாரம் இருந்தது. அது அடங்கியபின் ஏப்ரலில் பழைய ஆள் திரும்பி வந்தார். மதிப்பெண் 15. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும், நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை நானே எத்தனையோ டிஸ்சார்ஜ் குறிப்புகளில் அடித்திருக்கிறேன். மறுபடி தொடங்கினார்கள். ஆகஸ்டில் 4.

இங்கே என் ஃபைல் கிட்டத்தட்ட மூடப்பட்டது. பலன் நன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவும். எனக்கு அங்கேதான் இரண்டாவது பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தது.

மீதம் இருந்தது

பசி வந்துவிட்டது, சமைத்தாயிற்று. எதிரில் யாரும் இல்லை. சோர்வாக இருந்தபோது இது தெரியவே இல்லை. மரத்துப்போன காலில் ஊசி குத்தினால் தெரியாது அல்லவா, அப்படி. மாத்திரை மரப்பை எடுத்துவிட்டது.

முதியோர் மருத்துவக் குறிப்புகளில் நான் அடிக்கடி பார்த்த ஒரு மூன்று கேள்வி உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1978-இல் உருவான 20 கேள்வித் தனிமை அளவுகோலின் சுருக்கம். துணையில்லை என்று எத்தனை முறை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எத்தனை முறை, மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக எத்தனை முறை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3. எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். 9-க்கு 8. மனச்சோர்வு 17-லிருந்து 4-க்கு வந்துவிட்டது, இது அசையவில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கு அரசு மருத்துவமனையில் மருந்து இருக்கிறது. மற்றதற்கு ஓ.பி. சீட்டே கிடையாது.

தனிமை மேல்நாட்டு வியாதி, நமக்குச் சொந்தபந்தம் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறில் ஒருவர் தனிமையை உணர்கிறார். வருமானம் குறைந்த நாடுகளில் சுமார் 24 விழுக்காடு, பணக்கார நாடுகளில் சுமார் 11.

ஆட்களோடு பழகினால் போகும் என்றுதான் நானும் தொடங்கினேன். கோவையில் டீக்கடை என்றால் பேக்கரி. தினமும் மாலை ஒரு பேக்கரிக்குப் போனேன். மூன்றாம் நாள் கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாகத் தோன்றியது. ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருகிறேன் என்று எரிச்சலாக இருக்கும் என நினைத்து நின்றுவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் தற்செயலாகப் போனபோது, “என்னங்க, ஊர்ல இல்லீங்களா? காணமேன்னு பையன்கிட்டக் கேட்டுட்டே இருந்தேன்” என்றார். அவருக்கு ஒரு காதில் கேட்காது, அன்று திருப்பியது கேட்கும் காதைத்தான். நீண்ட நாள் தனிமையில் இருப்பவர்களின் மனம் மற்றவர் முகத்தில் விலக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும், அந்த ஐயத்தைச் சரிசெய்யாமல் வெறுமனே கூட்டத்தில் கொண்டுபோய் விடுவது பெரிதாக உதவாது என்று 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதை நான் பேக்கரியில் கற்றேன்.

அடுத்தது பால் பாக்கெட். மறுபடி போடச் சொன்னேன். கேட்டில் ஒரு பை கட்டித் தொங்கவிட்டு, கீழ் வீட்டு அக்காவிடம் போய், “ரெண்டு நாள் பாக்கெட்டு எடுக்காமக் கெடந்தா மேல வந்து தட்டுங்க்கா” என்றேன். சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். “ரெண்டு நாள் எதுக்குங் தம்பி, அன்னைக்கே தட்டறேன்” என்றார். அந்த எத்தனை நாள் கணக்கு அதோடு நின்றது. இப்போது ஒருநாள் எழுந்திருக்க 9 மணி ஆனாலும் கதவு இடிபடுகிறது. தொந்தரவுதான்.

ஆனால் இதெல்லாம் பக்கத்து வேலைகள். எதை இழந்தேன் என்று சரியாகத் தெரிய எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆனது. ராபர்ட் வெய்ஸ் என்ற சமூகவியலாளர் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்தார்: நெருக்கமான ஓர் ஆள் இல்லாமல் போவது ஒன்று, நாம் புழங்கிய வட்டம் இல்லாமல் போவது இன்னொன்று. ஒன்றின் பள்ளத்தை மற்றதால் நிரப்ப முடியாது என்றார். அம்மா இல்லை என்பது முதல்வகை. அதற்கு மாற்று கிடையாது, நான் தேடவும் இல்லை. இரண்டாவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கென்று ஒரு வட்டம் இருந்ததாகவே நான் நினைக்கவில்லை.

இருந்தது. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே ஒரு நடைபாதை. செவ்வாய், வெள்ளி, நாலு நாலு மணி நேரம், மூன்றரை வருடம். ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ஃபோனை முறைவைத்து சார்ஜ் போடுவோம். யாருக்கு கிரியேட்டினின் எவ்வளவு, யாருக்குக் கை வீங்கியிருக்கிறது, எந்த நர்ஸ் வலிக்காமல் குத்துவார் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் தினத்தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுப்பார். டிபன் டப்பாக்கள் கைமாறும். அம்மா போன நாளில் அந்த நடைபாதைக்குப் போகும் உரிமையும் எனக்குப் போய்விட்டது. துக்கம் கேட்டவர்கள் யாரும் அதற்குத் துக்கம் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்ளவில்லை.

2025 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். எதற்கு வந்தேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று அம்மாவின் பழைய ரிப்போர்ட் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். பாதி முகங்கள் புதிது. சிலரைப் பற்றி விசாரிக்க வேண்டாம் என்று பார்த்ததுமே புரிந்தது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணா ஒருவர் அதே தூணுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் இருந்தார், மனைவிக்காக. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

“வா கண்ணு. அந்தச் சார்ஜர் இருக்குதா?”

இருந்தது.

தொடர் கவனிப்பு

இப்போது செவ்வாய்தோறும் போகிறேன், சில வெள்ளியும். மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வேன். 22 வருடமாக நான் செய்யும் வேலைதான், கேட்பவரின் முகம் பார்த்துச் செய்வது புதிது. சில செவ்வாய்களில் எதுவும் பேசாமல் திரும்பி வருவதும் உண்டு. எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் தொடர்கிறது. இரண்டாவது முறை வந்ததால் சீக்கிரம் நிறுத்த வேண்டாம் என்றிருக்கிறார்கள், நானும் அவசரப்படவில்லை. கடைசியாகப் பார்த்தபோது முதல் தாளில் 5, மூன்று கேள்வியில் 5. ஐப்பசி மாதம் முழுக்க இரண்டும் ஏறியிருக்கும், அளக்கவில்லை. 8 மணி அலாரத்தை அழிக்கவில்லை. என் மாத்திரையை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

போன மாதம் அந்த அண்ணாவின் மனைவிக்கு ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டு, கழுத்தில் குழாய் போட்டார்கள். அவர்களுடைய முறையைக் காலை 6 மணிக்கு மாற்றிவிட்டார்கள். என் ஷிஃப்ட் முடிவது 5 மணிக்கு. குளித்துவிட்டு பஸ் பிடித்தால் சரியாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பால் பாக்கெட்டைக் கீழ் வீட்டு அக்காவே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்.